வாசகர் கேள்வி – பதில்: உப்சாலாவின் ஆசிரியர்களும் மாணவர்களும்

கேள்வி: வானியலாளர் செல்சியஸ், தாவரவியலாளர் லின்னேயஸ் இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள் என்று படித்தேன். அது எது? அங்கிருந்து வந்த மற்ற பெரியவர்கள் யார்? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: சுவீடனில் 1477-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உப்சாலா பல்கலைக்கழகம்தான் அது. வெப்பநிலையை நூறு பாகைகளாகப் பிரித்து 1742-இல் அளவுகோல் வகுத்த ஆந்தர்ஸ் செல்சியஸ் அங்கே வானியல் பேராசிரியராக இருந்தார். அவர் நீரின் கொதிநிலைக்குச் சுழியமும் உறைநிலைக்கு நூறும் கொடுத்திருந்தார். அந்த வரிசை பின்னர் தலைகீழாக மாற்றப்பட்டது. அவருக்கு முன்பே, 1652-இல், ஊலோஃப் ருட்பெக் என்ற இளைஞர் நிணநீர்க் குழாய்களை அரசி கிறிஸ்தீனாவின் முன்னிலையில் உப்சாலாக் கோட்டையில் காட்டி விளக்கினார். பின்னாளில் அவர் பல்கலைக்கழகக் கட்டடத்தின் உச்சியில் அமைத்த உடற்கூறியல் அரங்கம் இன்றும் இருக்கிறது. நடுவில் மேசை, அதைச் சுற்றிக் கிணற்றுச் சுவர்போலச் செங்குத்தாக எழும் படிவரிசைகள். கடைசி வரிசையில் நிற்பவரும் அறுவையைத் தெளிவாகக் காண முடியும். ஐக்கிய நாடுகள் அவையின் இரண்டாவது பொதுச் செயலாளராக இருந்து, 1961-இல் விமான விபத்தில் இறந்த தாக் ஹாமர்ஷெல்டும் உப்சாலா மாணவரே.

பெயர்களை அடுக்குவதைவிட, ஓர் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு ஆய்வு கைமாறிய விதத்தைப் பார்ப்பதே உப்சாலாவை அறிய நல்ல வழி என்று கருதுகிறேன். கரைசல்களை மிக வேகமாகச் சுழற்றி அவற்றிலுள்ள நுண்துகள்களைப் பிரிக்கும் அதிவேக மையவிலக்கியை உருவாக்கிய தியோடர் ஸ்வெட்பெரி 1926-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவரிடம் பயின்று, மின்புலத்தைக் கொண்டு புரதங்களைப் பிரித்தறியும் முறையைச் செம்மைப்படுத்திய ஆர்னே திசேலியஸ் 1948-இல் அதே பரிசைப் பெற்றார்.

கேள்வி: லின்னேயஸின் மாணவர் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார் என்பது உண்மையா? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: உண்மை; உங்கள் ஊருக்கு அருகிலேயே வாழ்ந்தார். 1741-இல் உப்சாலாவில் பேராசிரியரான லின்னேயஸ், தம் மாணவர்களைத் தாவரங்கள் தேடித் தொலைதூர நாடுகளுக்கு அனுப்பினார். சொலாந்தர் மாலுமி குக்கின் கப்பலில் உலகைச் சுற்றினார். ஃபோர்ஸ்கோல் 1763-இல் ஏமனில் நோயுற்று இறந்தார். ஜப்பான் சென்ற துன்பெரி, திரும்பும் வழியில் இலங்கையிலும் தங்கித் தாவரங்களைச் சேகரித்தார். ஊர் சேர்ந்தபின் ஆசிரியரின் இருக்கையிலேயே பேராசிரியராக அமர்ந்தார்.

லின்னேயஸிடம் பயின்ற யோஹான் கெர்ஹார்ட் கோனிக், 1768-இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு, அங்கிருந்த கிறித்தவ மிஷனின் மருத்துவராக வந்தார். மருத்துவப் பணிக்கிடையே செடிகளைத் திரட்டி, உலர்த்தி, விவரக் குறிப்புகளுடன் ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார். ஒவ்வோர் உயிரினத்துக்கும் பேரினம், சிற்றினம் என இரு சொற்களில் பெயரிடும் லின்னேயஸின் இருசொற் பெயரீட்டு முறையை இந்தியத் தாவரங்களுக்கு இங்கேயே இருந்து பயன்படுத்தியவர்களில் அவர் முன்னோடி. பிறகு ஆர்க்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றி, 1785-இல் ஆந்திரக் கடற்கரைப் பகுதியில் காலமானார். நம் சமையலறையில் நாள்தோறும் தாளிக்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் வரும் ‘கோனிகீ’ இவரைக் குறிப்பதுதான். மாணவரின் பெயரை அந்தச் செடிக்குச் சூட்டியவர் ஆசிரியரான லின்னேயஸே என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கேள்வி: நோபல் பரிசு பெற்ற ஒருவரின் ஆய்வேட்டுக்கு உப்சாலா குறைந்த மதிப்பீடு அளித்ததாமே? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: ஸ்வாந்தே அர்ரேனியஸைத்தான் கேட்கிறீர்கள். உப்புகள் நீரில் கரையும்போது மின்னேற்றம் பெற்ற அயனிகளாகப் பிரிகின்றன என்ற கொள்கைக்கு வித்திட்ட ஆய்வேட்டை அவர் 1884-இல் அளித்தார். வேதியியலா இயற்பியலா என்று வகைப்படுத்த இயலாத அந்த வேலை பேராசிரியர்களைக் கவரவில்லை. பேராசிரியர் பதவிக்கு வழி திறக்காத குறைந்த மதிப்பீடே கிடைத்தது. ஆய்வேட்டின் படிகளை அவர் வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். இன்றைய லாத்வியாவின் ரீகா நகரிலிருந்த வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் அதைப் படித்துவிட்டு உப்சாலாவுக்கே நேரில் வந்து, தம்முடன் பணியாற்ற அழைத்தார். அதன்பின் உப்சாலாவும் அவருக்கு விரிவுரையாளர் தகுதியை அளித்தது. 1903-இல் நோபல் பரிசு பெற்ற முதல் சுவீடன் நாட்டவர் அவரே. தேர்வாளர்கள் திறமையற்றவர்கள் அல்லர்; தங்கள் துறையின் வேலிக்கு அப்பால் பார்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை, அதுவே குறை.

கேள்வி: நீங்கள் சொல்வது எல்லாம் ஆண்களாகவே இருக்கிறார்களே? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: நியாயமான கேள்வி. சுவீடனின் முதல் பல்கலைக்கழக மாணவியான பெத்தி பெத்தர்சன், அரசரின் சிறப்பு அனுமதி பெற்று 1872-இல் உப்சாலாவில் சேர்ந்தார். எலன் ஃபிரீஸ் 1883-இல் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்று, அந்நாட்டில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் பெண்ணானார். 1897-இல் சட்டத்தில் முனைவரான எல்சா எஷெல்சனுக்கு விரிவுரையாளர் தகுதி கிடைத்தது. ஆனால் பேராசிரியர் பதவி பெண்களுக்குத் திறக்கப்படாததால், அதற்காகப் பல ஆண்டுகள் போராடியும் பெறாமலே 1911-இல் இறந்தார். உப்சாலாவில் ஒரு பெண், புவியியலாளர் யார்ட் ஏனெக்விஸ்ட், முதன்முதலாகப் பேராசிரியரானது 1949-இல்தான்.