சுகாதாரத் துறையின் கொள்முதலைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்றுவது ஏன் அவசியம், எப்படிச் சாத்தியம்?

மருத்துவமனைகள் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. சுகாதாரத் துறையின் சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைக்கப் பாடுபடும் 'ஹெல்த் கேர் வித்தவுட் ஹார்ம்' என்ற சர்வதேச அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, புவியை வெப்பமாக்கும் பசுங்குடில் வாயுக்களின் உலகளாவிய நிகர உமிழ்வில் 4.4 சதவீதம் சுகாதாரத் துறையினுடையது. அதில் சுமார் 71 சதவீதம் மருந்து, கருவி, உணவு போன்றவற்றின் உற்பத்தி, போக்குவரத்து, அகற்றல் ஆகியவை அடங்கிய விநியோகச் சங்கிலியிலிருந்தே எழுகிறது.

ஆகவே மாற்றத்துக்கான பிடி ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, 2022 ஏப்ரல் முதல், ஒப்பந்தப்புள்ளிகளை மதிப்பிடும்போது குறைந்தது 10 சதவீத மதிப்பெண்ணைக் கார்பன் குறைப்புக்கும் சமூகப் பயனுக்கும் ஒதுக்கி வருகிறது. 10 சதவீதம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால், விலையில் நெருங்கி நிற்கும் இரு நிறுவனங்களுக்கிடையே வெற்றியைத் தீர்மானிக்க அதுவே போதும். பெருமளவில் மருந்துகளை வாங்கும் ஐ.நா. முகமைகளும் 2012இல் சுற்றுச்சூழலுக்கு உகந்த கொள்முதலுக்கெனக் கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமைத்தன.

எதை வாங்குகிறோம் என்பதைப் போலவே எவ்வளவு வாங்குகிறோம் என்பதும் முக்கியம், என் பார்வையில் அதிகம் கவனிக்கப்படாததும் அதுதான். 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை கோவிட் தொற்றை எதிர்கொள்ள ஐ.நா. கூட்டு முயற்சி வழியாக வாங்கி அனுப்பப்பட்ட சுமார் 87,000 டன் தனிநபர் பாதுகாப்பு உபகரணங்களில் பெரும்பகுதி கழிவாகியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நிதி குறைந்த மருத்துவமனை, விலை கூடிய பசுமைப் பொருள்களைத் தேடுவதற்கு முன், காலாவதியாகி வீணாகும் மருந்துகளின் பட்டியலைப் பார்த்துக் கொள்முதல் அளவைத் திருத்தலாம். அதற்குக் கூடுதல் செலவில்லை.