சங்கம் வேலை தராது, இருந்தாலும் பாப்பாவை அனுப்பி வையுங்க

வணக்கங்க. போன வாரம் அஞ்சு ரோடு ஆபீசுக்கு வந்து, பாதிப் பேச்சில் தறியைப் பார்க்கணும் என்று எழுந்து போய்விட்டீர்கள். நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படிக்கிற பொண்ணு ஏதோ சங்கத்துல சேரணும், வெளியூர் மாநாட்டுக்குப் போகணும்ங்கிறா. காசு கட்டுனா வேலை போட்டுத் தருவாங்களா?"

தர மாட்டார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சங்கம் என்றதும் நமக்கு நெசவாளர் கூட்டுறவு சங்கம்தான் ஞாபகம் வரும். நூல் தரும், சேலையை எடுத்துக்கொள்ளும், தீபாவளிக்கு போனஸ் பேசும். இது அந்த மாதிரி இல்லை. டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில், வக்கீலுக்கு பார் கவுன்சில் மாதிரியும் இல்லை. இதில் பதிவு செய்யாவிட்டால் தொழில் பண்ண முடியாது என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

உங்கள் மகள் சொன்னது சொசைட்டி ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ஸ், இந்தியா. 1930-ல் தொடங்கியது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன வளாகத்தில் இருக்கிறது. நாடு முழுக்க உயிர்வேதியியல், அதாவது பயோகெமிஸ்ட்ரி ஆராய்ச்சி செய்பவர்களை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவருவதுதான் அதன் வேலை. வருஷத்துக்கு ஒரு ஊரில் ஆண்டுக் கூட்டம் நடத்தும், நல்ல ஆராய்ச்சிக்கு விருது கொடுக்கும். ஆசிய, ஓசியானிய நாடுகளின் உயிர்வேதியியல் சங்கங்களெல்லாம் சேர்ந்து 1972-ல் அமைத்த கூட்டமைப்பிலும் இதற்கு இடம் உண்டு.

இதற்கெல்லாம் மேலே உலக அளவில் ஒரு ஒன்றியம் இருக்கிறது. அது செய்கிற ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன், இப்படி ஒரு அமைப்பு எதற்கு என்று உங்களுக்கே புரியும். உயிர்களுக்குள் நடக்கிற ரசாயன மாற்றங்களை வேகப்படுத்தும் நொதிகளுக்கு, அதாவது என்சைம்களுக்கு, பெயரும் எண்ணும் கொடுப்பது அவர்கள்தான். முந்தியெல்லாம் ஒரே நொதியை ஆளுக்கொரு பெயரில் எழுதிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கண்டதை இன்னொருவர் தேடிப் பிடிக்க முடியாது. 1961-ல் எண் முறையோடு முதல் பட்டியல் வந்தது. உங்கள் மகள் புராஜெக்டில் எழுதியிருக்கும், மாவுச்சத்தை உடைக்கிற ஆல்ஃபா அமைலேஸ் நொதிக்கு எண் 3.2.1.1. முதலில் நிற்கும் 3, தண்ணீரைச் சேர்த்து உடைக்கிற வகை என்று சொல்கிறது. ஜப்பானில் இருப்பவரும் சேலத்தில் இருப்பவரும் அதே எண்ணைத்தான் எழுதுகிறார்கள். முதலில் ஆறு வகுப்புகள்தான் இருந்தன. செல்லில் இருக்கும் சவ்வைத் தாண்டிப் பொருளைக் கடத்துகிற நொதிகளுக்கென்று ஏழாவது வகுப்பைச் சேர்த்தது 2018-ல்தான். நெம்பர் போடுவதற்குக்கூட ஆட்கள் உட்கார்ந்து பேசத்தான் வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன்.

அன்றைக்கு நீங்கள் கிளம்பிப் போன பிறகு பாப்பா தன் போனில் ஒரு போட்டோ காட்டினாள். சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி கழிவுத் தண்ணீரில் இருந்து எடுத்த பாக்டீரியாவை ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து கலந்த தட்டில் வளர்த்து, மேலே அயோடின் ஊற்றியிருக்கிறாள். மாவுச்சத்து இருக்கிற இடம் அயோடின் பட்டால் கருநீலமாகும், அதனால் தட்டு முழுக்கக் கருநீலம். ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் கால் ரூபாய்க் காசு அகலத்துக்குத் தெளிவான வட்டம். அந்த இடத்தில் இருந்த மாவை பாக்டீரியா தன் நொதியால் உடைத்துத் தின்று தீர்த்துவிட்டது. நம் ஊர் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த ஆலைக் கழிவில் இருந்து ஒரு பெண் நொதி எடுத்திருக்கிறாள். இதை போஸ்டராக மாட்டி, அதன் முன்னால் நிற்கப் போகிறாள். மாநாடு என்று அவள் சொல்வது இதைத்தான்.

போஸ்டர் முன்னால் ரெண்டு மணி நேரம் நிற்பதில் என்ன இருக்கிறது? யாரோ ஒரு பேராசிரியர் கழுத்தில் அட்டையோடு வந்து நிற்பார். "எந்த பி.எச்.-ல நல்லா வேலை செய்யுது? என்சைம் சேர்க்காத கண்ட்ரோல் எங்கே? சர்க்கரையை டி.என்.எஸ். முறையில அளந்தியா, ஸ்டாண்டர்டு கர்வைக் காட்டு" என்பார். பதில் தெரியாமல் முழிப்பாள். நன்றாக முழிக்கட்டும். கிளாசில் அவளை இப்படிக் கேட்க ஆள் கிடையாது. பதில் சொல்லிவிட்டால், "நெட் எழுதுறியா, எழுதிட்டு எனக்கு ஒரு மெயில் போடு" என்று ஒரு வார்த்தை விழலாம். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் ரெண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஆனால் ஜே.ஆர்.எஃப். கையில் இருந்தும் பி.எச்டி.க்கு வழிகாட்டும் கைடு கிடைக்காமல் அலைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கைடாக வரக்கூடியவர்கள் நேரில் நடமாடுகிற இடம் அது.

பி.எச்டி. என்றால் அஞ்சு வருஷம் ஆகும், அதையும் மறைக்கவில்லை. ஆராய்ச்சியில் அவளுக்கு நாட்டம் இல்லை, லேபிலோ மருந்துக் கம்பெனி தரக்கட்டுப்பாட்டிலோ சேர்ந்து சீக்கிரம் சம்பாதிக்கணும் என்றால், இந்தச் சங்கத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ண வேண்டாம். உறுப்பினர் சான்றிதழை இன்டர்வியூவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த போட்டோவைக் காட்டும்போது அவள் முகத்தைப் பார்த்ததால்தான் போகட்டும் என்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இருங்கள். நான் சூடுபட்ட விஷயம் இது. சில வருஷத்துக்கு முன்னால் மெயிலில் வந்த ஒரு "சர்வதேச மாநாட்டு" அழைப்பை நம்பி ஒரு மாணவனை நானே அனுப்பி வைத்தேன். ஓட்டல் ஹால். காமர்ஸ், மெக்கானிக்கல், பயோகெமிஸ்ட்ரி எல்லாம் ஒரே மேடையில், ஆளுக்கு அஞ்சு நிமிஷம். ஒரு கேள்வி கேட்க ஆளில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் அப்பா கட்டிய பணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதனால் அழைப்பு வந்தால் கையெழுத்துப் போட்டிருப்பவர் யார், எந்த ஆய்வகம் என்று பாப்பாவின் கைடு பார்த்துச் சரி சொன்ன பிறகே பணம் கட்டுங்கள். அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்துக்கு ஒரே நாளில் "ஏற்றுக்கொண்டோம்" என்று பதில் வந்தால் சந்தேகப்படுங்கள்.

செலவு பற்றி. மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் குறைவாகத்தான் இருக்கும். பயணச் செலவுக்கு உதவி உண்டா என்று கூட்டம் நடத்துகிறவர்களிடம் அவளே எழுதிக் கேட்கட்டும், இதில் கூச்சம் வேண்டாம். இன்னொன்று, அறிவியல் அகாடமிகள் வேறு, இந்தச் சங்கம் வேறு. மூன்று அகாடமிகள் சேர்ந்து நடத்துகிற கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் அவள் விண்ணப்பிக்கலாம். ரெண்டு மாதம் ஒரு பெரிய ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம், கையில் காசும் வரும். கடைசித் தேதியை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தனியாக எப்படி அனுப்புவது என்று யோசிப்பீர்கள். அவள் காலேஜில் இருந்து இன்னும் ரெண்டு பேர் போகிறார்களாம், தங்குவதற்கு விடுதி ஏற்பாடு உண்டா என்று முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். போஸ்டரை ஃபிளெக்ஸில் அடிக்கச் சொல்லுங்கள், மடித்தால் கோடு விழும். உங்கள் வீட்டில் துணி சுற்றி வருகிற அட்டைக்குழாய் கிடக்குமே, அதில் நீளமானதாக ஒன்றை எடுத்து வையுங்க.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு ராத்திரி, தறி நின்ற பிறகு, அந்த வட்டம் ஏன் விழுந்தது என்று உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். திரும்பச் சொல்லட்டும்.