முட்டி வலி என்று சொன்னேன்

கடிதம்:

அன்புள்ள அக்கா,

உங்கள் கதைகளை ஐந்து வருடமாக வாசிக்கிறேன். இது கதையைப் பற்றிய கடிதம் இல்லை, மன்னிக்கவும். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். முதல் பிள்ளை பிறந்து நாலரை மாதம் ஆகிறது. சிசேரியன். முன்பெல்லாம் வாரம் மூன்று நாள் யூத் பார்க்கில் ஓடுவேன். பினாங்குப் பாலத்து ஓட்டத்தில் இரண்டு முறை பத்து கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். இந்த டிசம்பரும் ஓடலாம் என்று போன வாரம் ஷூவை எடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சிறுநீர் கசிந்துவிட்டது. ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காருக்குள் வந்து அழுதேன்.

"ஆறு மாசத்துக்குக் குதிக்கக் கூடாது, வயித்தைக் கட்டு" என்கிறார் மாமியார். கூட வேலை செய்யும் ஒருவரோ, "எங்க பாட்டியெல்லாம் பிள்ளை பெத்து ஒரு மாசத்துல ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போனாங்க" என்கிறார். நான் சோம்பேறியா, அவசரக்காரியா? கசிந்ததைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அந்தப் பாட்டி எங்கள் வீட்டிலும் இருந்தார். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம். பச்சைப் பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் விடியுமுன் போய் நின்றவர். எல்லாரும் இதுவரைக்கும்தான் சொல்வார்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன். நாற்பது வயதுக்குள் பாட்டிக்கு அடி இறங்கிவிட்டது, அதாவது கர்ப்பப்பை கீழே சரிந்துவிட்டது. பழைய வேட்டியைக் கிழித்துக் கச்சை கட்டிக்கொண்டு பால்வாளி தூக்கியிருக்கிறார். பாட்டி இறந்து குளிப்பாட்டியபோதுதான் என் அம்மாவுக்கே அது தெரியும். உங்கள் நண்பரின் பாட்டி எதைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டினார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது என் கதை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு தும்மினால், சிரித்தால், படி ஏறினால் எனக்கும் கசிந்தது. டாக்டர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பிள்ளை பெத்தா அப்படித்தான்மா" என்றார். நானும் பதினோரு வருடம் அப்படித்தான் என்று இருந்தேன். தண்ணீர்மலையில் 2012இல் முருகனுக்குப் புதுக்கோயில் திறந்த பிறகு, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். 513 படி. நூறு ஏறுவதற்குள் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். குடத்தை என் தங்கை வாங்கிக்கொண்டு போனாள். கேட்டவர்களிடமெல்லாம் முட்டி வலி என்று சொன்னேன். எனக்கு இன்றுவரை முட்டி வலி வந்ததில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கசிவு பலருக்கும் வருவதுதான், ஆனால் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியது இல்லை. பெரும்பாலும் பயிற்சியிலேயே குறையும்.

வயிற்றை அறுத்துத்தானே எடுத்தார்கள், கீழே ஏன் கசிகிறது என்று குழம்பியிருப்பீர்கள். நம் வீடுகளில் ஸ்பிரிங்கில் தொங்கவிடும் தொட்டில் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னெலும்பிலிருந்து வால் எலும்புவரை அப்படி ஒரு தசைத் தொட்டில் எல்லாருக்கும் உண்டு. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். ஒன்பது மாதப் பாரத்தில் துணி தொய்ந்துபோகிறது, பிள்ளை எந்த வழியாக வந்தாலும். உங்களுக்கு மேலே தையலும் சேர்ந்திருக்கிறது. தோல் ஒட்டிவிட்டது என்பதற்காக உள்ளே இருக்கும் அடுக்குகளும் பழையபடி ஆகிவிட்டன என்று அர்த்தமில்லை. அதற்கு மாதக்கணக்கு பிடிக்கும்.

அந்தத் தொட்டிலை இறுக்கும் பயிற்சிக்குக் கெகல் என்று பெயர். 1948இல் அதைப் பற்றி எழுதிய அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகலின் பெயர். சிறுநீரையும் வாயுவையும் சேர்த்து அடக்குவதுபோல உள்ளே, மேலே இழுக்க வேண்டும். சில விநாடி பிடித்து, முழுதாக விட வேண்டும். விடுவதும் பயிற்சிதான். ஒரு தடவைக்கு எட்டு இழுப்பாவது, நாளுக்கு மூன்று தடவை, மூன்று மாதம் என்பது பிரிட்டன் மருத்துவ வழிகாட்டி சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு. தொடை, பிட்டம், மூச்சு எதையும் இறுக்கக் கூடாது. நான் பல வருடம் இதைத் தப்பாகவே செய்தேன். மேலே இழுப்பதாக நினைத்துக் கீழே முக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்மணி கை வைத்துப் பார்த்து ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். நாலு மாதத்தில் தும்மலுக்குப் பயம் போனது. அதனால் தனியாக மல்லுக்கட்டாதீர்கள். பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் அதே அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பாருங்கள். "கசிகிறது" என்றே சொல்லுங்கள், "கொஞ்சம் அசௌகரியம்" என்று சொல்லாதீர்கள். பிசியோவுக்குக் கடிதம் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் முதலில் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) சொல்லுங்கள். அவர்கள் இதைவிட எத்தனையோ கேட்டவர்கள்.

மாமியாரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் கிடைக்கிறவரை சாப்பிடுங்கள். எனக்கு வைத்துக்கொடுக்க ஆள் இல்லை. வயிறு கட்டுவது தையலுக்கும் முதுகுக்கும் இதமாக இருக்கும், ஆனால் கட்டு தசையை வளர்க்காது. மூச்சு முட்ட இறுக்கினால் பாரம் கீழேதான் இறங்கும். இன்னொன்று, மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். தொப்புள் கோட்டில் வயிறு கூம்புபோலப் புடைத்தால் இரண்டு பக்கத் தசைகளும் இன்னும் விலகியே இருக்கின்றன. அப்போதைக்கு சிட்-அப் பக்கம் போகாதீர்கள், டாக்டரிடம் அதையும் காட்டுங்கள்.

ஓட்டத்துக்கு வருகிறேன். 2019இல் பிரிட்டன் பிசியோக்கள் சிலர் பிரசவத்துக்குப் பின் ஓடுவதற்கென்றே ஒரு வழிகாட்டி எழுதினார்கள். மூன்று மாதத்துக்கு முன் ஓட வேண்டாம், அதற்குப் பிறகும் உடம்பைச் சோதித்துவிட்டு ஓடு என்பதுதான் அதன் சாரம். அரை மணி நடக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க முடிகிறதா, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட முடிகிறதா, ஒவ்வொரு காலிலும் பத்து முறை நொண்டியடிக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். கசிவோ வலியோ, கீழே ஏதோ இறங்குவதுபோன்ற கனமோ இல்லாமல் முடிய வேண்டும். நாலரை மாதம் என்பதால் நீங்கள் அவசரக்காரி இல்லை. சோதிக்காமல் நேரே ஓடியதுதான் பிசகு. அதுவரை நடக்கலாம், படி ஏறலாம். அளவான உடற்பயிற்சியால் தாய்ப்பால் குறையாது. பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பும் கனக்காது. உதிரப்போக்கு திரும்பக் கூடினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சோம்பேறியா என்று கேட்டிருந்தீர்கள். மலேசியாவில் 2023லிருந்து உங்களுக்கு 98 நாள் பிரசவ விடுப்பு. எங்கள் காலத்தில் 60. கூடியதே பெரிய விஷயம்தான். ஆனாலும் அந்த நாள் முடிந்ததும் ஷிப்ட்டில் நின்று, வீட்டுக்கு வந்து இரவெல்லாம் விழிக்கிற பெண் கேட்கிற கேள்வியா இது? கணவருக்குச் சட்டப்படி 7 நாள். இன்னும் சொல்லவில்லை என்கிறீர்களே, இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். பிள்ளையை அரை மணி அவர் பார்த்துக்கொண்டால்தான் நீங்கள் நடக்கவே முடியும்.

இந்த டிசம்பருக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். பிசியோ சரியென்றால் கட்டுங்கள், அவர் பேச்சுதான் செல்லும். நடக்க யூத் பார்க்கைவிடப் பக்கத்திலிருக்கும் தாவரவியல் தோட்டம் நல்லது, தள்ளுவண்டிக்குப் பாதை வசதி. பால் புட்டியை மட்டும் வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். அங்கிருக்கும் குரங்குகள் மூடியைத் திருகித் திறக்கத் தெரிந்தவை.