விடியற்காலை 3 மணி வியர்வையும் கூலிங் மெத்தையும்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 47. வேலூரில் மாடி வீட்டின் மேல்தளத்தில் இருக்கிறோம். முதுகுவலிக்காக இரண்டு வருடத்துக்கு முன் மெமரி ஃபோம் மெத்தை வாங்கினோம். வலி குறைந்தது உண்மைதான். ஆனால் சில மாதங்களாக இரவில் ஒரே வியர்வை. 11 மணிக்கு ஏசியை 22-இல் வைத்துப் படுப்போம், 2 மணிக்கு நிற்கும்படி டைமர் வைத்திருக்கிறோம். 3 மணிவாக்கில் முதுகும் கழுத்தும் நனைந்து எழுந்துவிடுகிறேன். பக்கத்தில் கணவர் போர்வையோடு நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்கு 5 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. எடை குறைப்பதற்காக இரவில் இப்போதெல்லாம் இரண்டு சப்பாத்தி மட்டும். மாதவிடாயும் ஒரு வருடமாக முன்னே பின்னே வருகிறது. கடையில் கூலிங் ஜெல் மெத்தை 45,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? அதில் படுத்தால் சளி பிடிக்குமா? இல்லை, பேசாமல் பாயில் படுத்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்

பதில்: அம்மா, அந்த 45,000 ரூபாயை இன்னும் சில வாரம் கையிலேயே வைத்திருங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மெத்தைக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதற்கு வருகிறேன். ஆனால் மாத்திரையையும் இரண்டு சப்பாத்தியையும் பற்றிய வரிகளைப் படித்ததும் நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மருந்து. நீங்கள் வயிறு நிறையச் சாப்பிட்டீர்களா, அரை வயிறா என்று அதற்குத் தெரியாது. இரவு மாத்திரை பழைய அளவிலேயே இருந்து, சாப்பாடு மட்டும் பாதியானால் பின்னிரவில் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம். அப்போது உடல் பயந்துபோய் அட்ரினலினைச் சுரக்கும். அதன் விளைவுதான் வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், திடீர்ப் பசி. சிலருக்குக் கெட்ட கனவு வரும், காலையில் தலை பாரமாக இருக்கும். என்னிடம் வந்த ஒருவர் ஃபேனை மாற்றி, ஏசியை மாற்றி, எல்லாம் முடிந்த பிறகுதான் நடுராத்திரியில் குளுக்கோமீட்டரைக் கையில் எடுத்தார். அளவு 58 இருந்தது. பல மாதம் அவர் அறையைக் குளிர்விக்கவே பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

எனவே இந்த வாரம் குளுக்கோமீட்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள். வியர்த்து எழுந்ததும் விரலை நன்றாகத் துடைத்துவிட்டு அளவு பாருங்கள். இரண்டு மூன்று இரவு பார்த்தால் போதும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். விடிந்ததும், அடுத்த வேளை மாத்திரையைப் போடும் முன், உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். அளவு சரியாக இருந்தால் மாத்திரையில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது மாதவிடாய். 47 வயதில் முன்னே பின்னே வருகிறது என்றால் உடல் மாதவிடாய் நிற்கும் காலத்துக்குள் போய்க்கொண்டிருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும் இந்தச் சமயத்தில் மூளையில் உள்ள வெப்பச் சீராக்கி மிகவும் தொட்டாற்சிணுங்கியாகிவிடும். மற்ற நேரத்தில் உடல் கண்டுகொள்ளாத சிறு வெப்ப உயர்வுக்கே, ஏதோ நெருப்பில் நிற்பதுபோலச் சூட்டை வெளியே தள்ளப் பார்க்கும். மார்பிலிருந்து சூடு கிளம்பிக் கழுத்து, முகம் என்று ஏறி, சில நிமிடங்கள் கொதித்து, வியர்த்து அடங்கும். அடங்கியதும் குளிரும். இதைத் 'வயசுக் கோளாறு' என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன, மகளிர் நோய் மருத்துவரைப் பாருங்கள். கூடவே தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், முயற்சி செய்யாமலே எடை குறைவது, கழுத்தில் கட்டி, இவற்றில் எது இரவு வியர்வையோடு சேர்ந்து வந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீங்கள் உணவைக் குறைத்து எடை இறக்குகிறீர்கள் என்பதால், எடை அளவுக்கு மீறிக் குறைகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

எது எந்த வியர்வை என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். எழுந்ததும் கையால் தடவிப் பாருங்கள். முதுகுப் பக்கம் மட்டும் நனைந்து, நெஞ்சும் வயிறும் உலர்ந்திருந்தால் மெத்தை மேல் சந்தேகப்படலாம். உடம்பு முழுக்கச் சில்லென்று பிசுபிசுத்து, கையும் நடுங்கினால் சர்க்கரை. மார்பிலும் முகத்திலும் தீயாகத் தொடங்கினால் ஹார்மோன். மூன்றும் கலந்து வருவதும் உண்டு. உங்கள் விஷயத்தில் அப்படித்தான் இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, மெத்தைக்கு வருவோம். நம் உடலின் உள்வெப்பம் மாலையில் உச்சத்தில் இருக்கும். படுக்கும் நேரம் நெருங்கும்போது இறங்கத் தொடங்கி, விடியற்காலை 4, 5 மணிவாக்கில் மிகக் குறைந்த அளவுக்கு வரும். மொத்தத்தில் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ்தான் வித்தியாசம். ஆனால் இந்த இறக்கம் தடையில்லாமல் நடந்தால்தான் தூக்கம் ஆழமாக இருக்கும். சூட்டை வெளியேற்ற உடல் உள்ளங்கை, உள்ளங்கால் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. தூக்கம் சொக்கும் குழந்தையின் உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள், கதகதவென்று இருக்கும். வெளியே வந்த சூடு அங்கிருந்து காற்றுக்கோ படுக்கைக்கோ போயாக வேண்டும். போக இடமில்லை என்றால் வியர்க்கும். வியர்வை உலர வழியில்லை என்றால் விழிப்பு வரும். அதிலும் கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம். அந்த நேரத்தில் வெப்பத்தைச் சீராக்கும் வேலையை உடல் பெருமளவு தளர்த்திவிடுவதால், சுற்றியுள்ள சூடு நம்மை எளிதில் எழுப்பிவிடும்.

மெமரி ஃபோம் 1966-இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கப்பட்ட பொருள். உடம்புச் சூடு பட்டதும் இளகும், நம் வளைவுகளுக்கு ஏற்ப அமுங்கும். உங்கள் முதுகுவலியைக் குறைத்தது இந்தக் குணம். வியர்வைக்கு வழி செய்வதும் இதே குணம்தான். உடம்பு உள்ளே அமிழ்வதால் இரு பக்கமும் ஃபோம் அணைத்துக்கொள்கிறது. அதன் நுண்ணறைகளில் சிறைப்பட்ட காற்று சூட்டைக் கடத்தாது. முன்னிரவில் வாங்கிய வெப்பம் அங்கேயே தேங்கி நிற்கும். ஏசி ஓடும்வரை மேல்பக்கம் குளிர்ச்சி கிடைப்பதால் தெரியாது. 2 மணிக்கு ஏசி நிற்கிறது. பகல் முழுக்க வெயில் குடித்த மாடித் தளம் சூட்டை இன்னும் உமிழ்ந்துகொண்டிருக்கிறது. மேலேயும் சூடு, கீழேயும் சூடு. ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு விழிப்பு.

கடையில் ஜெல் மெத்தையில் கை வைத்தவுடன் ஜில்லென்று இருந்திருக்கும். ஒரே அறையில் உள்ள டைல்ஸ் தரையையும் மரக்கதவையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும், ஆனால் தரை ஜில்லிடும். அது நம் கைச் சூட்டை வேகமாக இழுக்கிறது, அவ்வளவுதான். ஜெல்லும் அப்படித்தான் இழுக்கும். ஆனால் மெல்லிய படலம் என்பதால் சீக்கிரமே நிறைந்துவிடும். அதைவிட மேலான ரகத்தில் மெழுகு போன்ற ஒரு பொருளை நுண்குமிழ்களில் அடைத்து வைத்திருப்பார்கள். அது உருகும்போது சூட்டை உறிஞ்சும். பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டி உருகும்படி செய்திருப்பார்கள். உருகி முடிந்த பிறகு மறுபடி உறைந்தால்தான் மறுபடி உறிஞ்ச முடியும். அதற்கு அறை குளிர்ந்திருக்க வேண்டும். மே மாதத்து வேலூரில், மேல்தளத்தில், ஏசி நின்ற அறையில் அது எங்கே உறையப் போகிறது? இந்த மெத்தைகளில் மின்சாரம் கிடையாது, அவை குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. நம் சூட்டை வாங்கி அறைக்குக் கொடுக்கின்றன. அறை அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருந்தால்தான் பயன். குளிர்ந்த நீரைக் குழாய்களில் ஓடவிட்டு உண்மையிலேயே குளிர்விக்கும் விரிப்புகள் வெளிநாடுகளில் விற்கின்றன. விலை மிக அதிகம், உங்களுக்கு இப்போது அது தேவையில்லை.

அதனால் முதலில் டைமரை மாற்றுங்கள். 22-இல் மூன்று மணி நேரம் உறையவைத்துவிட்டு நிறுத்துவதைவிட, 26 அல்லது 27-இல் விடியும்வரை ஓடவிட்டு, கூடவே ஃபேனை மெதுவாகச் சுழலவிடுவது நல்லது. இங்கே விற்கும் நட்சத்திரக் குறியிட்ட ஏசிகள் 2020 முதல் போட்டவுடன் 24-இல் தொடங்கும்படி அரசு விதி இருக்கிறது. தூங்குவதற்கு அதற்கும் மேலே இரண்டு மூன்று டிகிரி வைத்தாலும் ஃபேன் காற்று ஈடுகட்டிவிடும். மொட்டைமாடியில் சுண்ணாம்போ வெள்ளைக் கூலிங் பெயின்ட்டோ அடிக்க முடிந்தால் அடியுங்கள். உங்களைப் போல மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு எந்த மெத்தையையும்விட இதில் பலன் அதிகம் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம், மெத்தையோடு வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டீர்களா? அழுக்காகிவிடும் என்று வருடக்கணக்கில் கழற்றாமலே படுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் புகாத மெத்தை உறையும் பல நேரம் அதே வேலையைத்தான் செய்யும், வியர்வை போக வழியில்லாமல் அடைத்துவிடும். இரண்டையும் எடுத்துவிட்டுக் கெட்டியான பருத்தி விரிப்பைப் போடுங்கள். வழுவழுப்பான பாலியஸ்டர் விரிப்பு வேண்டாம். கட்டிலையும் பாருங்கள். அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டிலாக, பிளைவுட் பலகை போட்டதாக இருந்தால் மெத்தைக்குக் கீழே காற்றே போகாது. சட்டம் சட்டமாக இடைவெளி விட்ட கட்டிலில் அதே மெத்தை வேறு மாதிரி இருக்கும். வாரம் ஒருநாள் மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து ஃபேனைப் போட்டுவிடுங்கள், உள்ளே தங்கிய ஈரம் உலரும்.

படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் குளித்துப் பாருங்கள். சூடாகக் குளித்தால் எப்படிக் குளிரும் என்று கேட்பீர்கள். தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து உள்வெப்பம் வெளியேறும், தூக்கமும் சீக்கிரம் வரும். ஆனால் வெந்நீர் பட்டதும் உங்களுக்கு அந்தக் கொதிப்பு கிளம்பினால் இதை விட்டுவிடுங்கள்.

இவற்றையெல்லாம் இரண்டு வாரம் செய்து, சர்க்கரையும் சரியாக இருந்து, அப்போதும் முதுகு நனைந்தால் மெத்தையை யோசிக்கலாம். அப்படி மாற்றினால், துளைகள் உள்ள இயற்கை லேடெக்ஸ் மெத்தையையோ தென்னை நாரும் ரப்பரும் கலந்த மெத்தையையோ பாருங்கள். உடம்பு அமிழாது, காற்று புழங்கும். போடிப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தை குளிர்ச்சிதான், ஆனால் சீக்கிரம் பள்ளம் விழுந்துவிடும், முதுகுவலிக்காரர்களுக்கு நான் சொல்லமாட்டேன். இரவு முழுக்க 26 டிகிரியில் அறையை வைக்க முடிகிற வீட்டில், மாதவிடாய்க் காலச் சூட்டால் தவிக்கும் பெண்ணுக்குக் கூலிங் ஜெல் மெத்தை ஓரளவு உதவலாம். ஏனென்றால் அவருடைய உடல் கால் டிகிரி, அரை டிகிரிக்கே கொதித்தெழுகிறது. வாங்குவதானால் வீட்டில் சில வாரம் படுத்துப் பார்த்துத் திருப்பித் தரும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கடையின் ஏசி அறையில் பத்து நிமிடம் படுப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சளி பிடிக்காது. சளியைக் கொண்டுவருவது வைரஸ், மெத்தை குளிர்ச்சி அல்ல.

பாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோரைப் பாய் வியர்வையை உறிஞ்சும், அடியில் தரையும் சூட்டை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான படுக்கை குறைவு. பத்தமடைப் பாயில் படுத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் உங்கள் முதுகு அதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. தரையிலிருந்து எழும்போது வலி கூடுகிறது என்றால் வேண்டாம். அதற்குப் பதில், இருக்கும் மெத்தையின் மேல் உங்கள் பக்கம் மட்டும் ஒரு கோரைப் பாயை விரித்து, அதன்மேல் பருத்தி விரிப்பு போட்டுப் படுங்கள். பாய் கொஞ்சம் விறைப்பாக இருப்பதால் உடம்பு அவ்வளவு அமிழாது, முதுகுக்கும் ஃபோமுக்கும் நடுவே காற்றுக்குச் சிறிது இடம் கிடைக்கும். கணவர் தன் பக்கத்தில் போர்வையோடு எப்போதும்போலத் தூங்கட்டும். பாய்க்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். இன்றிரவே செய்து பார்க்கலாம், குளுக்கோமீட்டர் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.