‘மழை’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. எங்கள் வீட்டில் நான்காவதாகப் பிறந்த பெண் என்பதால் எனக்குப் ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை ‘மழை’ என்று மாற்றிக்கொள்ள விரும்புகிறேன். “இதெல்லாம் ஒரு பெயரா, கெஜட்டில் போட மாட்டார்கள்” என்கிறார் என் மாமா. சட்டப்படி முடியுமா?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: தாராளமாக முடியும். அடுத்ததாவது ஆண் குழந்தையாகப் பிறக்கட்டும் என்ற வேண்டுதலோடு ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ என்றெல்லாம் பெயரிடப்பட்ட பெண்கள் நம் மாவட்டங்கள் பலவற்றிலும் இருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் கூப்பிடப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு பெண் குழந்தை என்ன பாடுபட்டிருப்பாள் என்பதை எண்ணும்போது, உங்கள் முடிவு எனக்கு மிகவும் சரியாகவே படுகிறது.

இன்னின்ன சொற்களைத்தான் பெயராக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பட்டியல் எதுவும் நம் சட்டத்தில் இல்லை. தன் பெயரைத் தானே தீர்மானிப்பது அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையின் ஒரு கூறு என்று, சி.பி.எஸ்.இ. சான்றிதழ்களில் பெயர் திருத்துவது தொடர்பான வழக்கில் 2021 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று ஆக்கிக்கொண்ட அடிகளாரின் நாட்டில், ‘மழை’ என்ற பெயருக்கு யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு, உரிய படிவத்தில், வயதுக்கான சான்றுடனும் தகுதியுள்ள அதிகாரியின் சான்றொப்பத்துடனும் விண்ணப்பிக்க வேண்டும். காரணம் கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அரசிதழின் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் உங்கள் அறிவிப்பு வெளியாகும்: இன்னாரின் மகள், இந்தத் தேதியில் பிறந்தவர், சொந்த மாவட்டம் இது, இந்த முகவரியில் வசிப்பவர், இனிமேல் இந்தப் பெயரால் அழைக்கப்படுவார் என்று அது நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். இத்தகைய அறிவிப்புகளுக்குச் சட்டப் பொறுப்பு எதையும் அரசு ஏற்காது, விளைவுகளுக்கு அறிவிப்பவரே பொறுப்பு என்ற குறிப்பும் அந்தப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். அதாவது, உங்கள் பெயர் அழகானதா, வழக்கத்தில் உள்ளதா என்று அரசிதழ் தீர்ப்புச் சொல்வதில்லை. நீங்கள் சொன்னதை ஊரறியப் பதிவு செய்கிறது.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு விஷயங்களுக்காக. ஒன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல். ‘ழ’கரத்துக்கு இசட்-எச் போடுவோரும் உண்டு, எல் போடுவோரும் உண்டு. அரசிதழில் ஒரு விதமாகவும் பான் அட்டையில் வேறு விதமாகவும் இருந்தால், வங்கியில் ஆரம்பித்து எல்லா இடங்களிலும் அலைச்சல்தான். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், விண்ணப்பத்தில் எழுதும் முன்பே எழுத்துக்கூட்டலை முடிவு செய்துவிடுங்கள்.

மற்றொன்று, ஒற்றைச் சொல் பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை மட்டும் போட முடியாது; அதை விரித்தெழுத வேண்டும். ஒரே சொல் மட்டும் பெயராக உள்ள பாஸ்போர்ட்டுடன் விசிட் விசாவில் வருவோரை 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் அனுமதிப்பதில்லை; அவர்களுடைய தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே ‘மழை’ என்பதோடு அப்பா அல்லது அம்மாவின் பெயரை முழுமையாகச் சேர்த்தே அறிவிப்பு வெளியிடுங்கள். இருவரில் யாருடைய பெயர் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அரசிதழ் கைக்கு வந்ததும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். பிறகு முதலில் ஆதார், அதன்பின் பான், வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் என்று மாற்றிக்கொண்டே போகலாம். பள்ளிச் சான்றிதழில் பழைய பெயர் இருக்கும் வரை, அரசிதழ் நகல் ஒன்றை அதோடு எப்போதும் சேர்த்தே வைத்திருங்கள், மழை.