ட்ரான்சிட் எண், ரவுட்டிங் எண்: கனடா வங்கிக் கணக்குகள் பற்றிய கேள்வி பதில்

கனடாவில் ஒரு கணக்குக்குப் பணம் வர மூன்று எண்கள் வேண்டும். கிளையைக் காட்டும் 5 இலக்க ட்ரான்சிட் எண், வங்கியைக் காட்டும் 3 இலக்க இன்ஸ்டிடியூஷன் எண், பிறகு கணக்கு எண். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஸ்கார்பரோ): அண்ணை, புது வேலை கிடைச்சிருக்கு. சம்பளம் போட வாய்ட் செக் (செல்லாததாக்கிய வெற்றுச் செக்) கேக்கினம். என்னட்ட செக் புத்தகமே இல்லை. பாங்க் கார்டில இருக்கிற நம்பரைக் குடுக்கலாமோ?

பதில்: கார்டு எண்ணைக் கொடுக்காதீங்க தங்கச்சி. அந்த 16 இலக்கம் கார்டுக்கு உரியது, கணக்கு எண் அல்ல. வங்கியின் செயலியைத் திறந்து, சம்பளம் விழவேண்டிய கணக்கைத் தொட்டால் 'டைரக்ட் டெபாசிட் படிவம்' என்று ஒரு பிடிஎஃப் கிடைக்கும். மூன்று எண்களும் உங்கள் பெயரும் அதில் அச்சாகியிருக்கும். வாய்ட் செக்குக்குப் பதிலாக அதைக் கொடுத்தால் போதும்.

செக் வைத்திருப்பவர்கள் அடிவரியை இடமிருந்து வலமாகப் படியுங்கள். முதலில் செக் எண், அடுத்து ட்ரான்சிட், ஒரு சிறு கோடு, இன்ஸ்டிடியூஷன், கடைசியில் கணக்கு எண். உதாரணமாக, சிம்ப்ளி ஃபைனான்ஷியல் வாடிக்கையாளருக்கு நடுவில் 30800-010 என்று இருக்கும். சிம்ப்ளி என்பது சிஐபிசி வங்கியின் பிரிவு, அதனால்தான் அந்த 010. கிளையே இல்லாத வங்கி என்பதால் எல்லோருக்கும் ஒரே ட்ரான்சிட்.

ஸ்கோஷியா வங்கிக் கணக்கு எண் 12 இலக்கமாகத் தெரிந்தால் குழம்பவேண்டாம். முதல் 5 ட்ரான்சிட், மீதி 7 கணக்கு எண். மற்றப் பெரிய வங்கிகளின் இன்ஸ்டிடியூஷன் எண்கள்: பிஎம்ஓ 001, ஸ்கோஷியா 002, ஆர்பிசி 003, டிடி 004, நேஷனல் பாங்க் 006, சிஐபிசி 010, டான்ஜரீன் 614.

கேள்வி (மார்க்கம்): ஒரு படிவத்தில் "9 இலக்க ரவுட்டிங் எண்" என்று ஒரே கட்டம் இருக்கிறது. என்னிடம் 5-உம் 3-உம் சேர்த்து 8 தான் வருகிறது.

பதில்: முன்னால் ஒரு சுழியம் போட்டு, வரிசையை மாற்றுங்கள். மின்வழிப் பரிமாற்றத்தில் சுழியம், இன்ஸ்டிடியூஷன், ட்ரான்சிட் என்பதே வரிசை. செக்கில் 30800-010 என்று இருப்பது இங்கே 001030800 ஆகும். செக்கில் இருக்கும் வரிசையிலேயே எழுதி, கடைசியில் ஒரு சுழியம் ஒட்டி 9 ஆக்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

சம்பளப் பட்டியல் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எக்செல் தாளில் 003 என்று அடித்தால் அது 3 ஆகிவிடும், ட்ரான்சிட் 00152 என்பது 152 ஆகிவிடும். அந்தப் பத்திகளை எண்ணாக வைக்காமல் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.

கேள்வி (வாட்டர்லூ): சார், அமெரிக்க கம்பெனிக்கு இங்கிருந்தே வேலை பார்க்கிறேன். அவங்க சிஸ்டம் என்னோட 9 இலக்க நம்பரை "தவறான எண்"னு தள்ளுது. என் வங்கியில அமெரிக்க டாலர் கணக்கும் இருக்கு.

பதில்: அவர்கள் கேட்பது அமெரிக்காவின் ஏபிஏ ரவுட்டிங் எண். 1910-இல் அமெரிக்க வங்கியாளர் சங்கம் உருவாக்கியது. அதுவும் 9 இலக்கம்தான், ஆனால் கனடா எண்ணுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஏபிஏ எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். 1, 4, 7-ஆம் இலக்கங்களைக் கூட்டி 3-ஆல் பெருக்குங்கள். 2, 5, 8-ஆம் இலக்கங்களைக் கூட்டி 7-ஆல் பெருக்குங்கள். 3, 6, 9-ஐ அப்படியே கூட்டுங்கள். மொத்தம் 10-ஆல் மீதியின்றி வகுபடவேண்டும்.

நியூயார்க் சேஸ் வங்கியின் 021000021-ஐப் போட்டுப் பாருங்கள்: 0 + 28 + 2 = 30, சரி. மேலே சொன்ன 001030800-ஐப் போட்டால் 24 + 21 + 1 = 46, வகுபடாது. உங்கள் எண்ணும் இந்தக் கணக்கில்தான் மாட்டுகிறது. பத்தில் ஒரு கனடா எண் தற்செயலாகத் தேறிவிடும், அது இன்னும் மோசம். சிஸ்டம் ஏற்றுக்கொள்ளும், பணம் அனுப்பியபின் நாள்கணக்கில் அலைந்து திரும்பும்.

கனடா கிளையில் இருக்கும் அமெரிக்க டாலர் கணக்கும் கனடா கணக்குதான். அதற்கு ட்ரான்சிட் உண்டு, ஏபிஏ எண் கிடையாது. இரண்டு வழி இருக்கிறது. நிறுவனம் ஸ்விஃப்ட் (உலக வங்கிகளை இணைக்கும் செய்தி வலையமைப்பு) வழியாக வயர், அதாவது வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடிப் பணம், அனுப்பலாம். இல்லையென்றால் டிடி, ஆர்பிசி, பிஎம்ஓ போன்றவற்றின் அமெரிக்கப் பிரிவில் ஒரு கணக்குத் திறங்கள், அதற்கு உண்மையான ஏபிஏ எண் வரும். மாதாமாதம் சம்பளம் என்றால் இரண்டாவதே நல்லது, வயர் கட்டணம் ஒவ்வொரு முறையும் கடிக்கும்.

இன்னொன்று: சில அமெரிக்க வங்கிகளுக்கு வயருக்கு ஒரு எண், சாதாரண ஏசிஹெச் பரிமாற்றத்துக்கு (சம்பளம், பில் போன்றவை தொகுப்பாகப் போகும் அமெரிக்க முறை) வேறு எண். பாங்க் ஆஃப் அமெரிக்காவின் வயர் எண் 026009593. செக்கில் அச்சாகியிருப்பது வேறு. எந்த வழியில் வரப்போகிறது என்று கேட்டுவிட்டு எண்ணைக் கொடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் அனுப்பணும். இங்கே வங்கியில "அங்கத்திய ஐஎஃப்எஸ்சி என்ன, ஐபான் என்ன"ன்னு கேட்கிறாங்க.

பதில்: ஐயா, கனடாவுக்கு ஐஎஃப்எஸ்சியும் (இந்திய வங்கிக் கிளைக் குறியீடு) இல்லை, ஐபானும் (ஐரோப்பா போன்ற இடங்களில் உள்ள சர்வதேசக் கணக்கு எண்) இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். தேவையானவை: பெறும் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு (8 அல்லது 11 எழுத்து), ட்ரான்சிட், இன்ஸ்டிடியூஷன், கணக்கு எண், மகனின் பெயர் கணக்கில் உள்ளபடி, அவருடைய முகவரி, கிளை முகவரி. ஸ்விஃப்ட் செய்தியில் கனடா கிளையைக் குறிக்க, இரண்டு சாய்கோடு போட்டு 'சிசி' (CC) என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் அந்த 9 இலக்கத்தை எழுதுவார்கள். வங்கி ஊழியரிடம் "கிளியரிங் கோட்" என்று சொன்னால் புரியும்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்ற இடத்தைக் கவனியுங்கள். வழியிலுள்ள வங்கிகள் பிடிக்கும் கட்டணம் மகன் தலையில் விழுந்தால், கல்லூரி கேட்ட தொகையைவிடக் குறைவாகப் போய்ச்சேரும், பாக்கி என்று கடிதம் வரும். அனுப்புபவரே எல்லாம் ஏற்கும் 'OUR' முறையைக் கேளுங்கள்.

கேள்வி (மிசிசாகா): அம்மாவின்ர யாழ்ப்பாணக் கணக்குக்கு அனுப்பேக்க ட்ரான்சிட் எண்டு எதைப் போடுறது?

பதில்: இலங்கையில் வங்கிக்கு 4 இலக்கம், கிளைக்கு 3 இலக்கம். இலங்கை வங்கி 7010, மக்கள் வங்கி 7135, கொமர்ஷல் வங்கி 7056, ஹட்டன் நஷனல் வங்கி 7083. கிளைக் குறியீட்டை அம்மாவிடம் பாஸ்புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கோ. பெயரையும் அதில் இருக்கிறபடி, முதலெழுத்தோடு எழுதுங்கோ.

கேள்வி (பிராம்டன்): சார், கரூர்ல அப்பா கணக்குக்கு வழக்கமா அனுப்புற ஐஎஃப்எஸ்சி இப்போ வேலை செய்யலை.

பதில்: லட்சுமி விலாஸ் வங்கிக் கணக்காக இருந்தால் அது 2020-இல் டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தது. பழைய குறியீடுகள் செல்லாது. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் சேர்ந்ததால் அவற்றுக்கும் இதே நிலைதான். செயலியில் சேமித்து வைத்த பயனாளி விவரத்தை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துவிடுங்கள். ஐஎஃப்எஸ்சியின் 11 எழுத்தில் ஐந்தாவது எப்போதும் சுழியம். அங்கே ஆங்கில 'ஓ' போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி (அஜாக்ஸ்): கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். பெயர் சரியாக இருக்கிறதே, பணம் திரும்பிவிடும் அல்லவா?

பதில்: பெயரை நம்பாதீர்கள். கனடாவில் சாதாரண டைரக்ட் டெபாசிட் எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைக்கப்படுகிறது. அப்படி ஒரு கணக்கே இல்லையென்றால் சில வேலை நாட்களில் அனுப்பியவருக்கே திரும்பும். அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால், பணம் அவருக்குப் போய்விடும்.

இன்றைக்கே அனுப்பியவரிடம் சொல்லுங்கள். பெறும் வங்கியில் நீங்கள் போய் நின்று பயனில்லை. தேடல் கோரிக்கையை அனுப்பியவரின் வங்கிதான் தொடங்கவேண்டும். தேதி, சரியான தொகை, பரிவர்த்தனை எண், தவறாகப் போன முழு எண் இவற்றை எழுதிக்கொடுங்கள். சம்பளக் கோப்பு இன்னும் வங்கிக்குப் போகவில்லையென்றால் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே நிறுத்தலாம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். வயராக இருந்தால் நிலைமை கடினம். உள்நாட்டு வயர்கள் 2021 முதல் லிங்க்ஸ் என்ற அமைப்பில் போகின்றன, அங்கே முடிந்த பரிமாற்றம் இறுதியானது. பெற்றவர் சம்மதித்தால்தான் பணம் திரும்பும். பெரிய தொகை என்றால் முதலில் சின்னத் தொகை ஒன்றை அனுப்பி, வந்துசேர்ந்ததை உறுதி செய்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.

கேள்வி (ஒட்டாவா): வாய்ட் செக்கைக் கண்டவரிடம் கொடுத்தால் நம் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிடுவார்களா?

பதில்: அந்த எண்களை வைத்துப் பணம் போடவும் முடியும், முன்-அனுமதிப் பற்று அமைத்து எடுக்கவும் முடியும். ஆகவே வேலை தருபவர், வீட்டுக்காரர், அரசு தவிர மற்றவர்களிடம் யோசித்துக் கொடுங்கள். நீங்கள் அனுமதிக்காத பற்று தனிநபர் கணக்கில் விழுந்தால் 90 நாளுக்குள் உங்கள் வங்கியில் எழுத்தில் கேட்டுத் திரும்பப் பெறலாம். வணிகப் பற்று என்றால் 10 வேலை நாள்தான். நண்பர்களிடமிருந்து பணம் வாங்க இந்த எண்களே வேண்டாம், இன்டராக் இ-ட்ரான்ஸ்ஃபருக்கு மின்னஞ்சல் போதும்.

கேள்வி (வான்கூவர்): வீடு மாறினால் ட்ரான்சிட் மாறுமா?

பதில்: மாறாது. கணக்குத் திறந்த கிளையின் எண்ணே தொடரும். வங்கி கைமாறும்போதுதான் கவனம் வேண்டும். எச்எஸ்பிசி கனடா 2024 மார்ச்சில் ஆர்பிசிக்குப் போனபோது 016 கணக்குகள் 003-க்கு மாறின. பழைய எண்ணோடு வைத்திருக்கும் சம்பளம், வரித் திணைக்களம், காப்புறுதி விவரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.