ஆர்ஓ மெஷினும் வாழைக்குழி மருந்தும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் கிணறு வாழைத்தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. கன்று நடும்போது குழியில் குருணை மருந்து போடுகிறார்கள். ஆர்ஓ மெஷின் விற்க வந்தவர் மீட்டரைத் தண்ணீரில் முக்கி, "டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 70தான், ஆனாலும் மெஷின் வைத்தால் மருந்தெல்லாம் போய்விடும்" என்றார். மருந்துத் துணுக்குகளைப் பிடிப்பதற்காகவே ஆர்ஓவுக்குள் வடிகட்டும் படலமான மெம்பரேனை மாற்றி அமைக்கிறார்கள் என்றும் படித்தேன். அது வரும்வரை காத்திருக்கலாமா?

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த மீட்டரை மறந்துவிடுங்கள். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து உப்பைக் கணக்குப் போடுகிறது. பூச்சிமருந்து உப்பு இல்லை. தண்ணீரில் அது இருந்தாலும் மீட்டர் அதே 70ஐத்தான் காட்டும். நாம் பேசும் மருந்தின் அளவும் மிக மிகச் சிறியது. லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றால் 10 லட்சம் லிட்டரில் 1 கிராம். எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்துக்கு நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவு அதிலும் குறைவு, 0.4 மைக்ரோகிராம்.

வாழைக்குழியில் போடுவது பெரும்பாலும் கார்போஃபியூரான். தண்ணீரில் நன்றாகக் கரைவதால் மழையோடு மண்ணுக்குள் இறங்கும். காரத் தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும், புளிப்புத் தண்ணீரில் தாக்குப்பிடிக்கும். நம் பக்கத்துச் செம்மண் கிணறுகள் பலவும் லேசான புளிப்பு.

சரி, மெம்பரேன். ஆர்ஓவில் வேலை செய்வது ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஐந்தில் ஒரு பங்குகூடக் கனம் இருக்காத, பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் படலம். அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போட்டிருப்பதாக நினைக்க வேண்டாம். தண்ணீர் அந்தப் படலத்துக்குள் கரைந்து மறுபக்கம் போகிறது. கார்போஃபியூரான் அளவுள்ள மூலக்கூறைப் பெரும்பாலும் அது தடுத்துவிடும். சிக்கல் எண்ணெய்த்தன்மை உள்ளவற்றில், உதாரணமாக எஸ்ட்ரோன் போன்ற ஹார்மோன்களில். அவை முதலில் படலத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சமயத்தில் வெளிவரும் தண்ணீரைச் சோதித்தால் முடிவு பிரமாதமாக இருக்கும். படலம் நிறைந்த பிறகுதான் மெதுவாக மறுபக்கம் கசியத் தொடங்கும். புது மெம்பரேனை வைத்துச் செய்த சோதனையை மட்டும் நீட்டுபவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

நீங்கள் படித்த மாற்றங்கள் இந்த ஒட்டுதலைத்தான் குறிவைக்கின்றன. படலத்தின் மேல் பாலிடோபமைன் மாதிரி நீர்நாட்டமுள்ள பூச்சு ஒன்றைக் கொடுத்தால், எண்ணெய்த்தன்மை உள்ளவை அவ்வளவு எளிதில் ஒட்டாது. இன்னொரு வழி, டைட்டானியம் டையாக்சைடைச் சேர்த்துப் புறஊதா ஒளியில் மருந்தை அங்கேயே உடைப்பது. ஆனால் உடைந்த துண்டுகள் என்ன ஆகின்றன என்று தனியாகப் பார்க்க வேண்டும். பூச்சு தடித்தால் தண்ணீர் வரத்தும் குறையும். சாயப்பட்டறைக் கழிவையோ நகரச் சாக்கடை நீரையோ சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் இடங்களுக்கு இதெல்லாம் மிகவும் தேவை. உங்கள் கிணற்றுக்காக இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

டிடிஎஸ் 70 உள்ள தண்ணீரை ஆர்ஓவில் விட்டு மிச்சமிருக்கும் கொஞ்ச உப்பையும் எடுப்பது வீண் என்பது என் எண்ணம். கார்போஃபியூரானைக் கரி வடிகட்டியே நன்றாகப் பிடிக்கும். கரி நிறைந்துவிட்டால் ருசியில் ஒன்றும் தெரியாது என்பதால் தேதி எழுதி வைத்து மாற்றுங்கள். கடலோரம், குளச்சல் பக்கம் உப்புக்கிணறு என்றால் கதை வேறு, அங்கே ஆர்ஓ வேண்டும். அப்போதும் முன்னால் கரி இருக்கட்டும். கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு, அந்தக் குளோரின் பாலிஅமைடைத் தின்றுவிடும்; கரி அதை முன்னாலேயே பிடித்துவிடும்.

அப்புறம், ஆர்ஓவின் கழிவுத் தண்ணீர். மெம்பரேன் ஒதுக்கிய மருந்து முழுக்க அதில்தான் இருக்கிறது. பலரும் அந்தக் குழாயைக் கிணற்றடி வாழைக்கே திருப்பி விடுகிறார்கள்!

வாங்குவதற்கு முன் ஒரு தடவை தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். சாதாரணத் தண்ணீர்ப் பரிசோதனையில் பூச்சிமருந்து வராது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். மருந்து போட்டபின் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை நன்றாகப் பெய்த வாரத்தில் எடுத்த தண்ணீராக இருந்தால் நல்லது.